தறிக்காகக் கட்டப்பட்ட வீடுகள்: லியோன் நகரின் மரபும் அன்றாட வாழ்வும்

பிரான்சின் தென்கிழக்கில் உள்ள லியோன் நகரில் க்ருவா-ரூஸ் என்றொரு குன்று இருக்கிறது. அங்குள்ள பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம் உண்டு. சன்னல்களும் அதே கணக்கில் நெடிதாக, அலங்காரம் ஏதுமின்றி, நெருக்கமான வரிசைகளில் அமைந்திருக்கின்றன. உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் செல்வந்தர்களின் மாளிகைகள் என்று தோன்றும். ஆனால் இங்கே குடியிருந்தவர்கள் கூலிக்குப் பட்டு நெய்த தொழிலாளர்கள். அந்த உயரத்தைத் தீர்மானித்தது அவர்களுடைய தறி.

பிரான்சின் பழைய நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசர்களின் கோட்டைகளிலும் பேராலயங்களிலும் தொடங்குவார்கள். லியோனிலும் பேராலயம் உண்டு; போப்பாண்டவர்கள் கூட்டிய சங்கங்கள் 1245-லும் 1274-லும் இங்கே நடந்தன; நான்காம் ஹென்றிக்கும் மரி தெ மெதிசிக்கும் 1600-ல் இந்நகரின் புனித யோவான் பேராலயத்தில்தான் திருமணச் சடங்கு நடந்தது. ஆயினும் இந்நகரத்தின் மரபு முதன்மையாக உழைப்பின் மரபு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. வீடுகளின் அளவு, சந்துகளின் போக்கு, காலை உணவின் நேரம், ஏன் தொழிலாளர் நீதிமன்றம் வரை எல்லாவற்றிலும் பட்டுத்தொழிலின் தடம் இருக்கிறது. அந்தத் தடம் இன்றும் அழியாமல் இருப்பதற்குக் காரணம், அந்த வீடுகளில் மக்கள் இடையறாது குடியிருந்து வந்ததே.

நகரின் கிடப்பை முதலில் சொல்லியாக வேண்டும். வடக்கிலிருந்து அமைதியாக வரும் சோன் ஆறும், ஆல்ப்ஸ் மலையின் பனிநீரைச் சுமந்து விரைந்து வரும் ரோன் ஆறும் இங்கே கூடுகின்றன. கி.மு. 43-ல் லூசியஸ் முனாட்டியஸ் பிளாங்கஸ் என்ற ரோமானியத் தளபதி, சோனின் மேற்குக் கரையில் எழும் ஃபூர்வியேர் குன்றின்மேல் லுக்துனும் என்ற குடியேற்றத்தை நிறுவினார். சில பத்தாண்டுகளில் அது ரோமப் பேரரசின் கால் (Gaul; இன்றைய பிரான்சை உள்ளடக்கிய நிலப்பகுதி) மாகாணங்களுக்குத் தலைமை நகரமாக உயர்ந்தது. பின்னாளில் பேரரசரான கிளாடியஸ் கி.மு. 10-ல் பிறந்தது இங்கேதான். கால் நாட்டுப் பெரியவர்களுக்கு ரோமச் செனட் சபையில் இடம் தர வேண்டும் என்று கி.பி. 48-ல் அவர் ஆற்றிய உரை வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டது. அத்தகடு 1528-ல் க்ருவா-ரூஸ் சரிவில் கிடைத்து, இன்று ஃபூர்வியேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருகிலுள்ள ரோமானிய அரங்கில் ஒவ்வொரு கோடையிலும் இசை, நாடக நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள கல் படிகளில் நகர மக்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

ரோமானியர் காலத்துக்குப் பிறகு நகரம் குன்றிலிருந்து இறங்கி, சோன் கரையோரம் இடைக்கால நகரமாகவும் மறுமலர்ச்சிக் கால நகரமாகவும் விரிந்தது. அடுத்து இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள நிலநாக்கில் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோனைக் கடந்து கிழக்கே சென்றது. ஒவ்வொரு காலமும் பழையதை இடித்து அதே இடத்தில் கட்டுவதைவிட, பக்கத்து நிலத்துக்கு நகர்வதையே பெரிதும் தேர்ந்தெடுத்தது. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கும் ஒருவர் காலவரிசைப்படி வரலாற்றைக் கடந்து செல்ல முடியும். 1998-ல் யுனெஸ்கோ இந்நகரின் வரலாற்றுப் பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது முன்வைத்த முக்கியக் காரணங்களில் இந்தத் தொடர்ச்சியும் ஒன்று. அந்த எல்லை தனியொரு நினைவுச்சின்னத்தைச் சுற்றியதன்று. 400 ஹெக்டேருக்கும் மேற்பட்ட, நகரப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான, பள்ளிகளும் கடைகளும் துணிக்கொடிகளும் உள்ள குடியிருப்புப் பகுதி.

பதினைந்தாம் நூற்றாண்டில் நகரத்துக்கு வளம் சேர்த்தவை சந்தைகள். பதினோராம் லூயி மன்னர் 1463-ல் ஆண்டுக்கு நான்கு பெருஞ்சந்தைகள் நடத்த உரிமை தந்தார். ஃபிளாரன்ஸ், லூக்கா, ஜெனோவா ஆகிய இத்தாலிய நகரங்களின் வணிகர்களும் வட்டித்தொழில் செய்வோரும் சோன் கரையில் குடியேறி, உள்முற்றமும் சுழற்படிக்கட்டுக் கோபுரமும் கொண்ட வீடுகளைக் கட்டினர். 1473-ல் இங்கே முதல் நூல் அச்சானது. விரைவிலேயே லியோன் ஐரோப்பாவின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றாயிற்று. ஆனால் சந்தைக்கு வந்த பட்டின் பெரும்பகுதி இத்தாலியிலிருந்து வந்ததால் பிரான்சின் பணம் வெளியே போய்க்கொண்டிருந்தது. 1536-ல் முதலாம் பிரான்சுவா மன்னர், பியத்மோந்து பகுதியிலிருந்து வந்த எத்தியேன் துர்கே என்ற வணிகருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் லியோனில் பட்டு நெய்ய உரிமை வழங்கினார். நெசவாளர்களுக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு இந்நகரின் வாழ்வை நிர்ணயித்த தொழில் இப்படித்தான் வேரூன்றியது.

பிரெஞ்சுப் புரட்சி அந்தத் தொழிலைக் கிட்டத்தட்டச் சாய்த்துவிட்டது. 1793-ல் பாரிஸின் அதிகாரத்தை எதிர்த்து எழுந்த லியோன் முற்றுகைக்கு உள்ளாகி வீழ்ந்தது. நகரையே தரைமட்டமாக்கி, அதன் பெயரை நீக்க வேண்டும் என்று தேசிய மன்றம் ஆணையிட்டது. பெல்கூர் சதுக்கத்தின் முகப்புகள் இடிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மீட்சி நெப்போலியன் காலத்தில் வந்தது. அவர் பெல்கூரில் மறுகட்டுமானத்துக்கு அடிக்கல் நாட்டினார். தம் அரண்மனைகளுக்குத் தேவையான பட்டை லியோனிடமே வாங்கினார். புரட்சியின்போது பறிமுதலான திருமடங்களின் நிலங்கள் க்ருவா-ரூஸ் சரிவில் விற்பனைக்கு வந்தன. நகரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நெசவாளர்கள் மேலேறிச் செல்ல இடம் கிடைத்தது அதன் பிறகே.

அந்த நேரத்தில் தறியும் மாறியது. நுட்பமான பூவேலை நெய்வதற்கு அதுவரை தறியின் பக்கத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ நின்று, நெசவாளர் சொல்லச் சொல்லப் பாவு இழைகளை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, தூக்கும் கயிறுகளை இழுக்க வேண்டியிருந்தது. நெசவாளரின் மகனாகப் பிறந்த ஜோசஃப் மரி ஜக்கார்டு, தமக்கு முன் பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் ஆகியோர் செய்துவைத்த முயற்சிகளை ஒன்றிணைத்து, 1804-ஐ ஒட்டி, துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தேர்ந்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை உயரும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். எத்தனை ஆயிரம் அட்டைகளைக் கோர்க்கிறோமோ அத்தனை சிக்கலான உருவத்தை நெய்யலாம். ஜக்கார்டின் உருவப்படத்தையே 1839-ல் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அப்படத்தின் பிரதியொன்றை வைத்திருந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு அதே அட்டை முறையைத் திட்டமிட்டார். கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் லியோனைக் குறிப்பிடுவது இந்தக் கண்ணியால்தான்.

இயந்திரப் பெட்டி தறியின் தலைமேல் ஏறியதும் பழைய வீடுகளின் தாழ்ந்த கூரைகள் போதவில்லை. க்ருவா-ரூஸில் எழுந்த புதிய கட்டடங்கள் இந்த ஒரு தேவையை முன்வைத்தே அளவெடுக்கப்பட்டன. நெடிய சன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சத்தில் தறிகள். அறையின் பின்பக்கத்தில், கூரை உயரத்தைப் பாதியாகப் பிரித்துப் போட்ட மரப்பரணில் படுக்கை. அதன் கீழே சமையல். கனூ என்று அழைக்கப்பட்ட பட்டு நெசவாளர் குடும்பம் ஒன்று இரண்டு முதல் ஆறு தறிகள் வரை வைத்திருக்கும். மனைவி பாவு ஓட்டுவாள் அல்லது தானும் தறியில் உட்காருவாள், பிள்ளைகள் ஊடைத்தார் சுற்றுவார்கள், சம்பளத்துக்கு வந்த உதவி நெசவாளரும் அதே வீட்டில் உண்டு உறங்குவார். வேலை நாள் பதினைந்து மணி நேரத்தையும் தாண்டும். தறியின் ஓசையைக் கொண்டே அந்த ஊரார் அதற்கு ‘பிஸ்தான்கிளாக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவெங்கும் அந்த ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் நெசவாளர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இவற்றில் பலவும் பழகியதாகத் தெரியும். அங்கே தறிமேல் ஏற்றியிருக்கும் ஜக்கார்டு பெட்டி க்ருவா-ரூஸில் பயன்பட்ட அதே பொறியின் வழிவந்தது. நம் நெசவாளர்கள் தரையில் குழி வெட்டிக் காலை இறக்கி உட்கார்ந்து நெய்தார்கள். லியோனில் நான்காம் ஐந்தாம் மாடிகளிலும் நெய்ய வேண்டியிருந்ததால் உயரம் முழுவதையும் மேல்நோக்கியே தேட வேண்டியதாயிற்று. பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்த அளவுக்குக் கூலி என்ற ஏற்பாடும் இரண்டு இடத்துக்கும் பொது. லியோனின் வரலாற்றில் மிக முக்கியமான மோதலுக்கு அந்த ஏற்பாடே காரணமாயிற்று.

தறி நெசவாளருடையது, பட்டு வணிகருடையது, விலை வணிகர் வைத்தது. உதவி நெசவாளருக்கு அந்தக் கூலியில் பாதி. சந்தை சரியும்போதெல்லாம் வணிகர்கள் கூலியைக் குறைத்தார்கள். 1806-லேயே வணிகருக்கும் நெசவாளருக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்க பிரான்சின் முதல் தொழில் நடுவர் மன்றம் லியோனில் அமைக்கப்பட்டது. இன்று பிரான்சு முழுவதும் வேலையளிப்போர், ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்கள் அதிலிருந்து வளர்ந்தவையே. 1828-ல் நெசவாளர்கள் தமக்குள் ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1831 அக்டோபரில் தமக்கென ஒரு வாரப் பத்திரிகையையும் வெளியிட்டார்கள். அப்போது நகரில் சுமார் 8,000 தறி உரிமையாளர்களும் 30,000 உதவி நெசவாளர்களும் இருந்தனர். அதே மாதம் அரசு அதிகாரியின் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலி அட்டவணை ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது; ஆனால் வணிகர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தனர்.

நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் குன்றிலிருந்து இறங்கினார்கள். ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடி மடிவோம்’ என்று அவர்கள் ஏந்திய கறுப்புக் கொடியில் எழுதியிருந்தது. இரண்டு நாள் சண்டைக்குப் பின் படையினர் நகரத்தைவிட்டு வெளியேறினர். நகரம் கைக்கு வந்தபோது நெசவாளர்கள் சூறையாடலைத் தடுக்கக் காவல் வைத்தார்களே தவிர, தனி ஆட்சி எதையும் அறிவிக்கவில்லை. அவர்கள் கேட்டது ஒப்புக்கொண்ட கூலியை. டிசம்பர் 3-ல் மார்ஷல் சூல்ட் தலைமையில் பெரும்படை திரும்பி வந்தது, கூலி அட்டவணை ரத்தானது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்த கிளர்ச்சி பீரங்கிகளால் அடக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அடுத்த ஆண்டே, க்ருவா-ரூஸ் சரிவிலுள்ள ஒரு தெருவில், இலாபத்தைப் பங்கிடும் கூட்டுறவு மளிகைக் கடை ஒன்று திறக்கப்பட்டது. தோல்விக்குப் பின் அரசியல் வழி அடைபட்டபோது அவர்கள் அரிசி பருப்பு விலையிலிருந்து தொடங்கியது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்கத்தைத் தேடுபவர்கள் இங்கிலாந்தின் ஆலை நகரான மான்செஸ்டரோடு நின்றுவிடாமல் இங்கேயும் வர வேண்டும்.

இந்நகரின் புகழ்பெற்ற ஊடுவழிகளையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். திரபூல் எனப்படும் இவ்வழிகள் ஒரு தெருவிலுள்ள வீட்டுக் கதவில் தொடங்கி, முற்றங்களையும் படிக்கட்டுகளையும் கடந்து, அடுத்த தெருவிலுள்ள வேறொரு கதவில் முடிகின்றன. பழைய லியோனில் முக்கியத் தெருக்கள் சோன் ஆற்றுக்கு இணையாக ஓடுகின்றன. குறுக்குத் தெருக்கள் மிகக் குறைவு. ஆகவே ஆற்றுக்கு நேரே இறங்க வீடுகளுக்குள் வழி விட்டார்கள். க்ருவா-ரூஸில் சரிவின் உயர வேறுபாட்டைப் படிக்கட்டுகளால் தாண்டவும், நெய்த பட்டை மழையில் நனையாமல் வணிகரிடம் கொண்டுபோகவும் அவை பயன்பட்டன. கிளர்ச்சி நாட்களில் வழி தெரிந்த நெசவாளருக்கும் வழி தெரியாத படைவீரருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிதாக இருந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய எதிர்ப்பு இயக்கத்தினருக்கும் இதே வழிகள் உதவின. லியோன் அந்த இயக்கத்தின் முக்கிய மையமாக இருந்தது. அதன் தலைவர் ழான் மூலான் 1943 ஜூன் 21 அன்று நகருக்கு அடுத்துள்ள கலுயீரில் கைது செய்யப்பட்டார். அவரைச் சித்திரவதை செய்த ஜெர்மானிய இரகசியப் போலீஸ் அதிகாரி கிளவுஸ் பார்பி, 1987-ல் இதே நகரின் நீதிமன்றத்தில் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை பெற்றார். பார்பியின் தலைமையகம் இயங்கிய கட்டடத்தில் இன்று எதிர்ப்பு இயக்கத்தின் வரலாற்று மையம் செயல்படுகிறது.

இவ்வளவு பழைமையும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அழியவிருந்தது. பழைய லியோன் அப்போது ஈரமும் இருளும் நிறைந்த ஏழைக் குடியிருப்பு. 1957 முதல் மேயராக இருந்த லூயி பிரதெல், மோட்டார் வாகனங்களின் எதிர்காலத்தில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். பேராலயத்துக்கு வடக்கே பழைய வீடுகளை இடித்து ஓர் அகலச் சாலையை ஊடாகக் கொண்டுபோகும் திட்டம் அவர் காலத்தில் முன்வைக்கப்பட்டது. 1946-ல் தொடங்கப்பட்ட ஓர் உள்ளூர்ச் சங்கம் இதை எதிர்த்து மக்களைத் திரட்டியது. பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ 1962-ல் கொண்டுவந்த சட்டம், தனிக் கட்டடங்களுக்குப் பதிலாக முழுப் பகுதிகளையே பாதுகாக்க வழி செய்தது. 1964-ல் அச்சட்டத்தின்கீழ் பிரான்சிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட பகுதி பழைய லியோன். தெருவின் முகப்பை மட்டும் காப்பாற்றியிருந்தால் ஊடுவழிகளும் முற்றங்களும் போயிருக்கும்; முழுப் பகுதி என்ற கருத்தே அவற்றைக் காத்தது.

ஆனால் ஊடுவழி தனியார் வீட்டுக்குள் இருப்பது. அங்கே தபால் பெட்டிகளும் குப்பைத் தொட்டிகளும் குழந்தைகளின் சைக்கிள்களும் இருக்கின்றன. மேலே சன்னலைத் திறந்துவைத்து யாரோ உறங்குகிறார்கள். நகரில் பல நூறு ஊடுவழிகள் இருந்தும் பொதுமக்களுக்குத் திறந்தவை சில பத்துகளே. அவற்றுக்கு நகராட்சி வீட்டு உரிமையாளர்களோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது: பராமரிப்பிலும் விளக்கிலும் நகராட்சி உதவும், பதிலுக்குக் காலை முதல் மாலை வரை கதவு திறந்திருக்கும். வருகிறவர்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்ற அறிவிப்பு வாயிலிலேயே இருக்கும். சுற்றுலா வருவாயையும் குடியிருப்போரின் அமைதியையும் எதிரெதிராக நிறுத்தாமல் சமன் செய்யும் இந்த எளிய ஏற்பாட்டைப் பல மரபு நகரங்கள் கற்றுக்கொள்ளலாம். க்ருவா-ரூஸில் ஆறு மாடி உயரத்துக்கு வெளிப்படிக்கட்டு ஏறும் வொராஸ் முற்றம் இப்படித் திறந்திருப்பவற்றில் மிகவும் அறியப்பட்டது. அதன் படிகளில் ஏறி வீடு திரும்புவோர் இன்றும் உண்டு.

உணவிலும் தொழிலின் கணக்கு தெரிகிறது. விடியுமுன் தறியில் அமர்ந்தவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்கே நல்ல பசி எடுக்கும். அந்நேரத்துக்கு உண்ட கனமான உணவு மாஷோன். பன்றி இறைச்சிப் பண்டங்களும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், கூடவே பக்கத்துப் போஷொலே பகுதியின் திராட்சை மதுவும் அதில் இருக்கும். குடல், இரைப்பை, கால் என்று மலிவாகக் கிடைத்த உறுப்புகளைப் பொறுமையாகச் சமைக்கும் கலை இங்கே வளர்ந்தது. பூஷோன் எனப்படும் சிறிய உணவகங்கள் இன்றும் அவற்றைப் பரிமாறுகின்றன. செல்வந்தர் வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் தனியே கடை வைத்தபோது லியோன் சமையலுக்கு உலகப் புகழ் வந்தது. ஊரார் அவர்களை ‘அம்மா’ என்றே அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜெனி பிராசியே 1933-ல் தம் இரண்டு உணவகங்களுக்கும் உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லேன் வழிகாட்டியின் உச்சத் தரமான மூன்று நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் பெற்றார். பின்னாளில் பிரெஞ்சுச் சமையலின் முகமாக அறியப்பட்ட போல் போக்யூஸ் இளமையில் அவரிடம் வேலை கற்றவர். நகரின் உள்ளரங்கச் சந்தைக்கு இன்று இருப்பது போக்யூஸின் பெயர். பிராசியேயின் பெயரும் அவ்வளவு தூரம் எட்டியிருக்க வேண்டும்.

டிசம்பர் 8-ம் தேதி விளக்கு விழாவின் தொடக்கமும் வீட்டுச் சன்னல்தான். 1852-ல் ஃபூர்வியேர் குன்றின் சிற்றாலயத்தின்மேல் மாதாவின் சிலை நிறுவும் விழா, சோன் வெள்ளம் சிற்பியின் பட்டறையில் புகுந்ததால் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அன்றும் புயல் மிரட்டியது. மாலையில் வானம் தெளிந்ததும் மக்கள் தாமாகவே சன்னல்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இன்று அது நான்கு இரவுகள் நடக்கும் பெரிய ஒளிவிழாவாகி, இலட்சக்கணக்கானோரை ஈர்க்கிறது. 2015-ல் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பின் பெருவிழா கைவிடப்பட்டது; ஆயினும் அன்றிரவு வீட்டுச் சன்னல்களில் கண்ணாடிக் குவளை விளக்குகள் எரிந்தன.

பட்டுத்தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுக்களைத் தாக்கிய நோய் பிரான்சின் புழு வளர்ப்பைச் சிதைத்தது. விசைத்தறிகள் நெசவைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோயின, பிறகு செயற்கைப் பட்டு வந்தது. ஆனால் சாயத்தொழிலிலிருந்து வேதியியல் ஆலைகள் பிறந்தன. 1859-ல் ஃபுக்சின் என்ற செஞ்சாயம் இங்கேதான் உருவாக்கப்பட்டது. நகரின் தெற்கே ரோன் கரையோரம் இன்று நீளும் ஆலைப்பகுதி அந்த வழியில் வந்தது. ஒளிப்படத் தகடு செய்த லுமியேர் குடும்பத்தின் ஆலையும் இந்தத் தொழில் நகரத்தின் விளைவே. 1895-ல் அந்த ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியைப் படமாக்கியபோது சினிமா பிறந்தது. கையால் பட்டு நெய்யும் பட்டறைகள் சில இன்னும் இருக்கின்றன. அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் புதுப்பிக்கும்போது, பழைய மாதிரித் துணியைப் பார்த்து, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில் அவர்கள் நெய்து தருகிறார்கள்.

இன்றைய லியோன் மாநகராட்சிப் பகுதியில் சுமார் 14 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். ஃபூர்வியேருக்கு இழுவை ரயிலும், க்ருவா-ரூஸுக்குப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மெட்ரோவும் செல்கின்றன. 2005-ல் இங்கே தொடங்கிய வாடகை சைக்கிள் திட்டம் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாரிஸுக்குப் போயிற்று. கார் நிறுத்துமிடமாக இருந்த ரோனின் இடக்கரை 2007-ல் ஐந்து கிலோமீட்டர் நீள நடைகரையாக மாறி, மாலை நேரத்தில் மாணவர்களாலும் குடும்பங்களாலும் நிறைகிறது. க்ருவா-ரூஸ் பெருஞ்சாலையில் திங்கள் தவிர எல்லா நாட்களிலும் காலைச் சந்தை கூடுகிறது. சுற்றுப்புறப் பண்ணைகளின் காய்கறியும் பாலாடைக்கட்டியும் அங்கே விற்கப்படுகின்றன.

இந்த அன்றாடம் நீடிக்குமா என்பதே இப்போதைய கேள்வி. ரோன் கரையிலுள்ள ஓத்தல்-தியூ பல நூற்றாண்டுகள் மருத்துவமனையாக இருந்தது. 2010-ல் நோயாளிகள் வெளியேறினர், 2018-ல் அது கடைகளோடு திறந்தது, 2019-ல் உயர்தர விடுதியும் வந்தது. கட்டடம் அருமையாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் ஏழைகளுக்கு வைத்தியம் செய்த இடம் இப்போது அவர்கள் நுழையத் தயங்கும் இடமாகியிருப்பதை இழப்பு என்றே நான் கருதுகிறேன். க்ருவா-ரூஸிலும் அதே போக்கு தெரிகிறது. நெசவாளர் வீடுகளை இன்று வாங்கக் கூடியவர்கள் நல்ல வருமானமுள்ள தொழில்வல்லுநர்கள். பழைய லியோனிலோ குறுகியகால வாடகை வீடுகள் நிரந்தரக் குடியிருப்போரின் இடத்தைப் பிடிக்கின்றன. 2021 நவம்பர் முதல் லியோனிலும் பக்கத்து வில்லெர்பானிலும் வாடகைக்கு உச்சவரம்பு நடைமுறையில் இருக்கிறது. சொந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்கும் ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற கட்டுப்பாடு உண்டு. இவை வாடகைதாரருக்குப் பாதுகாப்பு தருகின்றன, ஆனால் வீட்டின் விற்பனை விலையைத் தொடுவதில்லை. அதற்கு, மரபுப் பகுதிக்குள்ளேயே நகராட்சி கட்டடங்களை வாங்கிக் குறைந்த வாடகை வீடுகளாக வைத்திருக்க வேண்டும். 1964-ன் பாதுகாப்பு அறிவிப்பு கற்களுக்குச் செய்ததைக் குடியிருப்போருக்குச் செய்யும் வேலை இன்னும் பெருமளவு மீதமிருக்கிறது.